சீக்கிரம் முதிரும் ஹெம்ப் ரகம் யாருக்கு ஏற்றது? ஃபினோலாவும் அதன் மாற்றுகளும்

கனடாவின் சமவெளி மாகாணங்களான சஸ்காட்செவன், ஆல்பர்ட்டா, மானிட்டோபா ஆகியவற்றில் ஹெம்ப் (மணிக்கும் நாருக்கும் வளர்க்கப்படும், போதை தராத கஞ்சா வகை) பயிரிட முனையும் விவசாயி, விதைப்புக்கு வெகு முன்பே ரகத்தை முடிவு செய்தாக வேண்டும். மே மாதக் கடைசியில் விதைத்து, செப்டம்பரில் உறைபனி விழுவதற்குள் அறுவடையை முடிக்க வேண்டிய அந்த நிலப்பரப்பில் பயிருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 100 முதல் 120 நாட்கள். அந்த நாட்களுக்குள் அடங்கும் குறுகிய கால ரகத்தை எடுப்பதா, சற்றே கூடுதல் நாள் கேட்டாலும் மணியும் தண்டும் சேர்த்துத் தரும் நடுத்தர ரகத்தை எடுப்பதா, மணியை விட்டுவிட்டு நாருக்காகவே நெட்டையான நீண்ட கால ரகத்தை எடுப்பதா என்பதுதான் அவர் முன் இருக்கும் தெரிவு. இந்தக் கட்டுரை முதல் வகைக்கு ஃபினோலாவையும், இரண்டாம் வகைக்குக் கனடாவிலேயே உருவான சிஆர்எஸ்-1, எக்ஸ்-59 போன்றவற்றையும், மூன்றாம் வகைக்குப் பிரான்ஸின் ஃப்யூட்டூரா 75 ரகத்தையும் எடுத்துக்கொண்டு ஒப்பிடுகிறது. சீக்கிரம் முதிர்வது எப்போதும் நன்மையே என்று விதை விளம்பரங்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. குறைந்த நாட்களுக்காக விவசாயி தண்டையும், களையை அடக்கும் வலுவையும், பயிர் ஒருமுறை அடி வாங்கினால் மீண்டெழும் வாய்ப்பையும் விட்டுக்கொடுக்கிறார். அந்த இழப்பு யாருக்குக் கட்டுப்படியாகும் என்பதைப் பொறுத்தே ரகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் ஒரு தெளிவு. ஹெம்ப் என்பதும் போதைக்கான கஞ்சா என்பதும் தாவரவியல்படி ஒரே இனம். 1753-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் கன்னாபிஸ் சட்டைவா என்று பெயரிட்ட செடியின் இரு பக்கங்கள். இரண்டையும் பிரிப்பது, போதை தரும் டிஎச்சி என்ற வேதிப்பொருளின் அளவு. தாவரவியலாளர்களான கனடாவைச் சேர்ந்த எர்னஸ்ட் ஸ்மாலும் அமெரிக்கரான ஆர்தர் கிரான்க்விஸ்ட்டும் 1976-இல் வெளியிட்ட வகைப்பாட்டில், உலர்ந்த இளம் இலையில் 0.3 சதவீதம் என்ற எல்லைக்கோட்டை வகுத்தார்கள். வகைப்படுத்தும் வசதிக்காகத் தாங்களே தெரிவு செய்த கோடு அது என்பதை அவர்கள் மறைக்கவில்லை. பின்னாளில் அதுவே பல நாடுகளில் சட்டமாகிவிட்டது. கனடா 1998-இல் இந்த வரம்புக்குள் ஹெம்ப் சாகுபடியை அனுமதித்தது, அமெரிக்கா 2018 வேளாண் சட்டத்தின் மூலம் அதே வரம்பை நாடு முழுமைக்கும் ஏற்றது, 0.2 சதவீதத்தில் இருந்த ஐரோப்பிய ஒன்றியம் 2023 முதல் 0.3-க்கு வந்தது. இங்கே பேசப்படும் ரகங்கள் எல்லாம் இந்த வரம்புக்குள் அடங்குபவை.

ஃபினோலா பிறந்த இடம் பின்லாந்தின் கூப்பியோ. 1990-களின் நடுப்பகுதியில் ஜேஸ் காலவேயும் அவருடன் பணியாற்றியவர்களும், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பயிர் விதைகளைச் சேகரித்துக் காக்கும் வவிலோவ் நிலையத்தில் பாதுகாக்கப்பட்டிருந்த வடபுலத்து வித்துகளிலிருந்து இதைத் தெரிந்தெடுத்தார்கள். தொடக்கத்தில் அதற்கு ஃபின்-314 என்று பெயர். கூப்பியோ ஏறக்குறைய 63 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. அங்கே நடுக்கோடையில் பகல் இருபது மணி நேரத்தை நெருங்கும். கோடையோ மிகக் குறுகியது. பகல் குறையும்வரை காத்திருந்து பூக்கும் செடிக்கு அந்த மண்ணில் மணி முற்ற நேரமே இருக்காது. ஆகவே காத்திருக்காமல் பூக்கும் செடியைத்தான் அவர்கள் தேடினார்கள். அதில் கிடைத்த வெற்றியே ஃபினோலாவின் எல்லா நன்மைகளுக்கும் எல்லாக் குறைகளுக்கும் வேர்.

கஞ்சாச் செடி பொதுவாக ஒரு குறும்பகல் தாவரம். கோடைகாலப் பகல் நீண்டிருக்கும்வரை அது தண்டும் இலையுமாக வளர்ந்துகொண்டே போகும். பகல் சுமார் பதினான்கு மணி நேரத்தை ஒட்டிச் சுருங்கும்போதுதான் பூக்கத் தொடங்கும். ரகத்துக்கு ரகம் இந்த எல்லை சற்று முன்பின்னாக இருக்கும். ஃபினோலா இந்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை. முளைத்து நான்கு வாரம் ஆனதும், பகல் எவ்வளவு நீளமாக இருந்தாலும், அது பூப்புக்குத் திரும்பிவிடுகிறது. பகல் நீளத்தைப் பாராமல் பூக்கும் பண்பு ஓர் ஒடுங்கு மரபணு இடத்தோடு இணைந்தது என்பதைக் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இரு பெற்றோரிடமிருந்தும் அந்த வடிவம் வந்தால்தான் பண்பு வெளிப்படும்; பகல் நீளத்தைக் கவனிக்கும் ரகத்தோடு கலந்தால் முதல் தலைமுறையிலேயே அது மறைந்துவிடும். விதை உற்பத்தி வயல்களைத் தனிமைப்படுத்துவதில் இவ்வளவு கண்டிப்பு காட்டப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த உடற்கடிகாரம் வயலில் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரே நாளில், அருகருகே, ஃபினோலாவும் ஒரு நீண்ட கால ரகமும் விதைக்கப்பட்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் வாரத்தில் கனமழை பெய்து வயலில் நீர் தேங்குகிறது. தண்ணீர் தேங்குவதையும் இறுகிய மண்ணையும் ஹெம்ப் நாற்று சிறிதும் பொறுக்காது. இரண்டு வகையும் ஒரே மாதிரி மஞ்சள் பூத்து, வளர்ச்சி நின்று, சாண் உயரத்தில் முடங்கும். நீர் வடிந்த பின்னர்தான் வித்தியாசம் தெரியும். பகல் குறைவதற்காகக் காத்திருக்கும் ரகத்துக்கு ஆகஸ்ட் வரை நேரம் இருக்கிறது. அது புது இலை விட்டு, வேரைப் பரப்பி, இழந்த வளர்ச்சியில் பெரும்பகுதியை மீட்டுக்கொள்ளும். ஃபினோலாவுக்கு அந்த அவகாசம் இல்லை. உடம்பு தேறியதோ இல்லையோ, தன் கணக்குப்படி நாள் வந்ததும் முழங்கால் உயரத்திலேயே பூவெடுத்துவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு தழைச்சத்து போட்டாலும் பெரிய பயன் இல்லை. அதனால்தான், முதல் நான்கு வாரம் குறையின்றிப் போகும் என்று நம்பத்தக்க நிலத்தில் மட்டுமே குறுகிய கால ரகத்தை எடுக்க வேண்டும் என்கிறேன். வடிகால் சரியில்லாத தாழ்ந்த நிலத்தில், காலம் குறைவு என்ற காரணத்துக்காக ஃபினோலாவை விதைப்பது தவறான சிக்கனம்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வசந்தம் ஈரமாக அமைந்து விதைப்பு ஜூனுக்குத் தள்ளிப்போனால், பகல் நீளத்தைக் கவனிக்கும் ரகங்களுக்கு வளர்ச்சிக் காலம்தான் வெட்டுப்படும். அவை பூக்கும் நாள் அதிகம் நகராது. ஃபினோலாவுக்கு விதைத்த நாளிலிருந்துதான் கணக்கு தொடங்குகிறது என்பதால், தாமதமான விதைப்பிலும் அது ஏறக்குறைய அதே அளவு செடியாகவே வளரும். உறைபனி முந்திக்கொள்ளாதவரை அறுவடை மட்டும் அதே அளவு தள்ளிப்போகும். ஆகவே விதைக்கும் நாளில் நெகிழ்ச்சியும், முளைத்த பின் வரும் இடர்களில் விறைப்பும் கொண்ட ரகம் அது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ‘எந்தச் சூழலையும் தாங்கும் ரகம்’ என்று பேசுவதை அடிக்கடி கேட்கிறோம்; அப்படி இல்லை.

களையின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். ஹெம்ப் களையை அமுக்கிவிடும் என்ற புகழ், நெருக்கமாக விதைக்கப்பட்டு வேகமாக நிழல் கட்டும் நார் ரகங்களால் வந்தது. நாருக்கு ஹெக்டேருக்கு 50 கிலோவுக்குக் குறையாமல் விதைப்பார்கள். மணிக்கு அதில் பாதியைச் சற்று தாண்டினால் போதும். பாதி அடர்த்தியில் நிற்கும், அதுவும் ஒன்றரை மீட்டரைப் பெரும்பாலும் தாண்டாத ஃபினோலா, காட்டுக்கடுகும் கீரைக் குடும்பத்துக் களைகளும் மண்டிய வயலில் அந்தப் புகழைக் காப்பாற்றாது. ஹெம்ப்புக்கென்று அனுமதிக்கப்பட்ட களைக்கொல்லிகளும் மிகக் குறைவு என்பதால், முந்தைய ஆண்டே வயலைச் சுத்தமாக வைத்திருந்தவருக்குத்தான் குட்டை ரகம் கைகொடுக்கும். சிஆர்எஸ்-1 போன்ற உயரமான கனடிய ரகங்கள் இந்த இடத்தில் தெளிவாக முந்துகின்றன.

உயரம் குறைவாக இருப்பது அறுவடையில் நன்மையாக மாறுகிறது. இந்த நன்மையை, டிராக்டரும் அறுவடை இயந்திரமும் ஓட்டாதவர்கள் சரியாக மதிப்பிடுவதில்லை. ஹெம்ப் தண்டின் நார் கயிறு திரிக்கப் பயன்பட்ட நார். அது இயந்திரத்துக்குள் போனாலும் கயிறாகவே நடந்துகொள்ளும். உயரமான பயிரை அறுக்கும்போது தண்டோடு சேர்ந்து உள்ளே இழுக்கப்படும் நார், சுழலும் உருளைகளிலும் அச்சுகளிலும் சுற்றிச் சுற்றி இறுகி, தாங்கிகளைச் சூடாக்கி, சமயத்தில் தீப்பிடிக்கவும் காரணமாகிறது. ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்தி, இறங்கி, கத்தியால் அறுத்து அறுத்து நாரை உருவி எடுக்கும் காட்சி ஹெம்ப் வயல்களில் சாதாரணம். இதைத் தவிர்க்க, வெட்டும் பகுதியை உயர்த்தி வைத்து, கதிர் இருக்கும் தலைப்பகுதியை மட்டும் அறுப்பார்கள். மூன்று மீட்டர் பயிரில் அதற்கும் ஓர் எல்லை உண்டு. மார்பளவே நிற்கும் ஃபினோலாவில் கோதுமை அறுத்த அதே இயந்திரத்தைச் சிறிய மாற்றங்களோடு ஓட்டிவிடலாம். சொந்தமாகப் பழைய இயந்திரம் ஒன்றை மட்டும் வைத்திருக்கும் குடும்ப விவசாயிக்கு, ரகத் தேர்வில் மகசூலைவிட இதுவே பெரிய கணக்கு.

மணி முற்றும் விதத்தில் எல்லா ரகமும் ஒருவகையில் தொல்லைதான். கதிரின் அடியில் இருக்கும் மணி முற்றி உதிரத் தொடங்கும்போது நுனியில் இருப்பது பச்சையாக இருக்கும். சுமார் முக்கால் பங்கு மணி முற்றியதும், ஈரம் இன்னும் பதினைந்து சதவீதத்தை ஒட்டி இருக்கும்போதே அறுத்துவிடுவது வழக்கம். காத்திருந்தால் உதிர்ந்தது போக மீதியைப் பறவைகள் எடுத்துக்கொள்ளும். ஈரத்தோடு அறுத்த மணியை லாரியிலேயே விட்டுவைத்தால் சில மணி நேரத்தில் சூடேறி எண்ணெய் காறிவிடும். உடனே காற்றோட்டமுள்ள சேமிப்புக் கலனுக்கு மாற்றி, ஒன்பது சதவீத ஈரத்துக்குக் கீழே இறக்க வேண்டும். ஃபினோலா ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ இந்தக் கட்டத்துக்கு வந்துவிடுவதால் காற்று இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். உலர்த்தும் எரிபொருள் செலவு குறையும். இரண்டு மூன்று வாரம் பிந்தி வரும் ரகத்தை, குளிர்ந்த ஈரக் காற்றில் உலர்த்தும் செலவு லாபத்தில் கணிசமான பகுதியைத் தின்றுவிடக்கூடும்.

மணியின் தரத்துக்கு வருவோம். ஃபினோலா மணியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எண்ணெய், நான்கில் ஒரு பங்கு புரதம். எண்ணெயில் பாதிக்கு மேல் லினோலிக் அமிலமும், ஐந்தில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டி ஆல்பா லினோலெனிக் அமிலமும் இருக்கின்றன. இவை எல்லா ஹெம்ப் ரகத்திலும் ஓரளவு இப்படித்தான் இருக்கும். ஃபினோலாவைத் தனித்துக் காட்டுவது, சுமார் நான்கு சதவீதம் வரும் காமா லினோலெனிக் அமிலமும், ஏறத்தாழ இரண்டு சதவீதம் வரும் ஸ்டியரிடோனிக் அமிலமும். நார் ரகங்களின் மணியில் இவை இதைவிடக் குறைவு. குளிர்ந்த வடபுலத்துக் கோடையில் விளைந்தால் இந்த அளவுகள் சற்று உயர்கின்றன. ஆகவே எண்ணெய் பிழியும் ஆலைக்கு ஃபினோலா நல்ல சரக்கு. ஆனால் மேல்தோல் நீக்கி, உள்பருப்பை உணவாக விற்கும் ஆலைக்கு அப்படி இல்லை. ஃபினோலாவின் மணி சிறியது, சிறிய மணியில் தோலின் பங்கு கூடுதல், உடைத்துப் பருப்பை முழுசாக எடுப்பதும் கடினம். பருப்புச் சந்தைக்கென்றே பெரிய மணி தரும் எக்ஸ்-59 போன்ற ரகங்கள் விரும்பப்படுகின்றன. கனடாவின் ஹெம்ப் மணி வியாபாரத்தில் பருப்புக்குப் பெரும் பங்கு இருப்பதால், வாங்குபவர் யார் என்று தெரியாமல் ரகத்தை முடிவு செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதாகும்.

மகசூலில் ரகங்களுக்கு இடையே உள்ள வேறுபாடு, மழைக்கும் மண்ணுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைவிடச் சிறியது என்பது என் கருத்து. சமவெளி மாகாணங்களில் மானாவாரி மணி மகசூல் ஹெக்டேருக்கு முக்கால் டன்னிலிருந்து ஒரு டன் வரை போவது வழக்கமான ஆண்டுகளின் நிலை. நீர்ப்பாசனம் இருந்தால் அதைத் தாண்டும். ஃபினோலா இந்த வரம்புக்குள் நன்றாகவே நிற்கிறது. அது ஆணும் பெண்ணும் தனித்தனிச் செடியாக வரும் ஈரில்லத் தாவரம்; வயலில் பாதிக்கு அருகில் ஆண் செடிகள். அவை மகரந்தத்தைக் கொட்டிவிட்டு வாடி விழுந்துவிடும். மீதமுள்ள பெண் செடிகளுக்கு வெளிச்சமும் இடமும் கிடைக்கும். பாதிச் செடி மணி தரவில்லையே என்ற புதியவரின் கவலைக்கு அவசியமில்லை. பெண் செடியின் கதிர் அந்தக் குறையை ஈடுகட்டும்.

நாருக்கு வந்தால் கதை முற்றிலும் வேறு. பிரான்ஸ் பல பத்தாண்டுகளாக வளர்த்தெடுத்த, ஆண் பூவும் பெண் பூவும் ஒரே செடியில் வரும் ஓரில்ல ரகங்களான ஃபெடோரா 17, ஃபெலினா 32, ஃப்யூட்டூரா 75 ஆகியவற்றில், எண் ஏற ஏற முதிர்ச்சி தள்ளிப்போகும். இவற்றில் எல்லாச் செடியும் ஒரே சமயத்தில் ஒரே நிலைக்கு வருவதால் நாரின் தரம் சீராக இருக்கும். ஆண் செடி முன்கூட்டியே பழுத்துவிடும் ஈரில்ல ரகத்தில் அந்தச் சீர்மையை எதிர்பார்க்க முடியாது. நாருக்கான தண்டைப் பூப்பின்போதே வெட்டி, வயலிலேயே பரப்பி, பனியிலும் மழையிலும் ஊற விட்டு, பிறகு கட்டாகக் கட்டுவார்கள். ஃப்யூட்டூரா 75 வடபுலத்தில் மணி முற்றும்வரை நிற்க நேரம் இல்லாவிட்டாலும், தண்டைப் பொறுத்தவரை அது நஷ்டமே இல்லை. பூக்கத் தாமதமாவதே அங்கே உயரத்தைத் தருகிறது. பின்லாந்தில் நார்ப் பயிரைக் குளிர்காலம் முழுவதும் வயலிலேயே நிற்கவிட்டு, வசந்தத்தில் உலர்ந்த தண்டாக அறுக்கும் முறையும் உண்டு. ஃபினோலாவின் மெல்லிய குட்டைத் தண்டில் இந்தச் சந்தைக்குக் கொடுப்பதற்கு அதிகம் இல்லை.

என்றாலும் ஒரு நடைமுறை உண்மை இருக்கிறது. ஹெம்ப் கட்டு பருமனானது, எடைக்கு விலை குறைந்தது. நாரையும் சக்கையையும் பிரிக்கும் ஆலை அருகில் இல்லாவிட்டால் லாரி வாடகைக்கே பணம் போய்விடும். ஆலை இல்லாத வட்டாரத்தில் மூன்று மீட்டர் தண்டு என்பது வருமானம் அல்ல. அடுத்த விதைப்புக்கு முன் எப்படியாவது அகற்ற வேண்டிய சுமை. அங்கே ஃபினோலாவின் மிகப் பெரிய குறை அப்படியே பெரிய நன்மையாகிவிடுகிறது.

பூவிலிருந்து சிபிடி என்ற, போதை தராத வேதிப்பொருளை எடுக்கும் வருமானத்தையும் சிலர் கணக்கில் சேர்க்கிறார்கள். கனடாவில் 2018 அக்டோபரில் கஞ்சாச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு, ஹெம்ப் விவசாயிகள் பூவையும் இலையையும் சேகரித்து உரிமம் பெற்றவர்களுக்கு விற்க முடிகிறது. சிபிடியை உருவாக்கும் நொதி, வேலை செய்யும்போதே சிறிதளவு டிஎச்சியையும் சேர்த்தே உருவாக்குகிறது. இரண்டுக்கும் இடையிலான விகிதம் ஏறக்குறைய இருபத்தைந்துக்கு ஒன்று. ஆகவே சிபிடி ஏறினால் டிஎச்சியும் கூடவே ஏறும், 0.3 சதவீத வரம்புக்குள் நிற்க விரும்பும் எந்த ரகத்திலும் சிபிடி ஏழெட்டு சதவீதத்தைத் தாண்டுவது கடினம். மணிக்காக உருவான ஃபினோலாவின் பூவில் சிபிடி அதிலும் மிகக் குறைவு. அதை உபரி வருமானம் என்று எண்ணலாம். அதற்காகவே ஃபினோலாவைத் தேர்ந்தெடுப்பது சரியல்ல. 2011-இல் கனடிய ஆய்வாளர்கள் பர்ப்பிள் குஷ் என்ற போதை ரகத்தின் மரபணுத் தொகுதியை வெளியிட்டபோது, ஒப்பிடுவதற்கு எடுத்துக்கொண்ட ஹெம்ப் ரகங்களில் ஒன்று ஃபினோலா. டிஎச்சியை உருவாக்கும் மரபணு பர்ப்பிள் குஷ்ஷில் இயங்க, ஃபினோலாவில் சிபிடிக்கான மரபணு இயங்குகிறது என்பது அதில் தெளிவாகப் பதிவானது.

அட்சரேகை மாறினால் மேலே சொன்னவை எல்லாம் மாறிவிடும். 30 டிகிரி வடக்கில் உள்ள உத்தராகண்டில் மிக நீண்ட பகலே சுமார் பதினான்கு மணி நேரம்தான். 2018-இல் அந்த மாநிலம் தொழில் பயன்பாட்டுக்கான ஹெம்ப்புக்கு உரிமம் கொடுக்கத் தொடங்கியபோது, வடபுலத்து விதையைக் கொண்டுவந்து விதைத்தால் போதும் என்று சிலர் நினைத்தார்கள். நீண்ட பகலின் வெளிச்சத்தை ஒரு மாதத்துக்குள் உண்டு வளரப் பழகிய ரகம், குறைந்த பகலில் இன்னும் குட்டையாகவே நின்றுவிடும். பிரான்ஸின் ரகங்களும் அங்கே விதைத்த சில வாரங்களிலேயே பூப்புக்குத் தூண்டப்பட்டு, நெட்டை என்ற பெயரை இழக்கும். உள்ளூர் மலைப்பகுதி வித்துகள் அந்தப் பகலுக்குப் பழகியவை. ஆனால் அவற்றில் டிஎச்சி வரம்பைத் தாண்டுவது பெரும் சிக்கல். அங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு. கனடாவின் ரகப் பட்டியல் அதற்குப் பதில் சொல்லாது.

சமவெளி மாகாணங்களுக்கே திரும்பினால், என் தேர்வு இப்படி அமைகிறது. ஆல்பர்ட்டாவின் வடக்கே, உறைபனி முந்தி வரும் இடத்தில், வடிகால் நல்ல சுத்தமான நிலமும் எண்ணெய் ஆலையின் ஒப்பந்தமும் உள்ளவருக்கு ஃபினோலா. தெற்கு சஸ்காட்செவனிலோ மானிட்டோபாவிலோ இன்னும் பத்து நாள் கூடுதலாகக் கிடைக்கும் இடத்தில், பருப்பு வாங்குபவரும், எட்டும் தூரத்தில் தண்டை எடுத்துக்கொள்பவரும் உள்ளவருக்குக் கனடிய நடுத்தர ரகம். சந்தேகம் இருந்தால் நான் சாய்வதும் இந்தப் பக்கமே, ஏனென்றால் ஜூனில் ஒரு தவறு நேர்ந்தாலும் அது பொறுத்துக்கொள்ளும். ஃப்யூட்டூரா 75 நார் ஆலையின் வாசலில் இருப்பவருக்கு மட்டும். எந்த ரகமானாலும் கனடாவில் சான்றளிக்கப்பட்ட விதையைத்தான் விதைக்க வேண்டும். சொந்த அறுவடையிலிருந்து எடுத்துவைத்த மணியை மறு ஆண்டு விதைக்கச் சட்டம் இடம் தராது. ஆகவே விதைச் செலவு ஆண்டுதோறும் வரும் செலவு. வாங்கும் ஆலையிடம் ரகத்தையும் ஈர வரம்பையும் எழுத்தில் பெற்ற பிறகு, பனி கரைவதற்கு முன்பே விதைக்கு முன்பணம் கட்டிவிடுவது நல்லது.